பவளத் தொட்டியின் அடியில் என்ன போடுவது? கொங்கு நாட்டு வளர்ப்பாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடல் மீன் தொட்டி வைப்பதென்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் விளக்குக்கும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கும்தான் விலை விசாரிப்பார்கள். அடியில் போடும் மணல் கடைசி நாள் சமாச்சாரம். கடைக்காரர் எந்தப் பையை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான். ஆனால் விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பாறை அடுக்கி, பவளம் ஒட்டி, மீனும் விட்ட பிறகு அடியில் கிடக்கும் முப்பது கிலோ மணலை மாற்றுவதென்றால், தொட்டியையே பிரித்துக் கட்டுவதற்குச் சமம். அதனால் இதை முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் என்று எங்கே இருந்தாலும் நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. நம்மைச் சுற்றி இருப்பது பாறை உடைந்து வந்த மணல். பவளத்தொட்டிக்கு வேண்டியதோ கடலுயிரின் ஓட்டிலும் எலும்பிலும் இருந்து வந்த மணல். கையில் அள்ளிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொட்டிக்குள் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

மணலின் நிறத்தை வைத்தோ, 'பி.எச். ஏற்றும்' என்று பையில் போட்டிருப்பதை வைத்தோ தேர்ந்தெடுக்காதீர்கள். தரையில் யார் குடியிருக்கப் போகிறார்கள், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடப் போகிறது, அதைச் சுத்தம் செய்ய உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது, இந்த மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

முதல் படி: தரையில் யார் இருக்கப் போகிறார்கள்?

ஒரு தாளை எடுத்து, வளர்க்க ஆசைப்படும் உயிர்களை எழுதுங்கள். நீமோ ஜோடி, ஒரு டேங் மீன், நாலைந்து குரோமிஸ் மீன்கள், மேலே பாறையில் பவளம், அவ்வளவுதான் என்றால் இவற்றில் எதற்கும் மணல் கட்டாயம் இல்லை. உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம், போடாமலும் விடலாம்.

ஹாலிகோரஸ், லெப்பர்ட் வகை ராஸ் மீன்கள் இருந்தால் கதை வேறு. இருட்டியதும் அவை மணலுக்குள் புகுந்து தூங்கும். பயந்தாலும் அதே ஓட்டம்தான். அவற்றுக்கு மென்மையான, கூர் இல்லாத மணல் குறைந்தது 5 செ.மீ. ஆழம் வேண்டும். மணல் இல்லாத தொட்டியில் விட்டால் கண்ணாடித் தரையில் முட்டி முட்டி வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். டைமண்ட் கோபி மீன் மணலை வாயில் அள்ளி, செவுள் வழியாகச் சலித்து, அதில் உள்ள சிறு உயிர்களைத் தின்று பிழைப்பது. 2 மி.மீ.க்கு மேற்பட்ட பரல் அதற்கு ஒத்துவராது. இந்தக் கோபி சலித்த மணலைக் கொண்டுபோய்ப் பவளத்தின் தலையில் கொட்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், வாங்கிய பிறகு வருத்தப்பட வேண்டாம். சின்னத் தொட்டியில் அதற்குத் தீனியும் போதாது. சில வாரத்தில் மணலைக் காலி செய்துவிட்டு வயிறு ஒட்டிப்போய் நிற்கும்.

ஜா ஃபிஷ் வளை தோண்டி வாழ்வது. 10 செ.மீ.க்குக் குறையாத ஆழம் வேண்டும். மென்மணலோடு சிறு கல், சிப்பித் துண்டு எல்லாம் கலந்து கொடுத்தால் சுவர் சரியாமல் கட்டிக்கொள்ளும். பிஸ்டல் இறாலும் அதன் கூட்டாளி கோபியும் இதே ரகம்தான், ஆனால் அவ்வளவு ஆழம் கேட்காது. நசாரியஸ் நத்தை, கடல் வெள்ளரி போன்றவற்றுக்கு மென்மணல் 3 செ.மீ. இருந்தால் போதும்.

இரண்டாம் படி: தண்ணீர் எவ்வளவு வேகம்?

காளான் பவளம், சோவாந்தஸ் மாதிரி மென்மையான வகைகளுக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு நீரோட்டம் போதும். அக்ரோபோரா மாதிரிக் கிளைப் பவளம் என்றால் 30, 40 மடங்கு கேட்கும். 200 லிட்டர் தொட்டியில் வேவ்மேக்கர், அதாவது நீரோட்டம் உண்டாக்கும் பம்ப், மணிக்கு 6000, 8000 லிட்டர் தள்ளினால், ரவை அளவு மணல் ஒரு மூலையில் குன்றாகக் குவியும். எதிர் மூலையில் கண்ணாடி பளிச்சென்று தெரியும். தினமும் கரண்டி வைத்துச் சமன் செய்வதா, வேவ்மேக்கரின் வேகத்தைக் குறைத்துப் பவளத்தை வாட விடுவதா என்று தவிப்பீர்கள்.

ஆக, கிளைப் பவளம்தான் குறி என்றால் 1 முதல் 2 மி.மீ. பரல், அல்லது வெறும் தரை. மணலுக்குள் தூங்கும் மீன்தான் குறி என்றால் மென்மணலைப் போட்டு, வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்பி, மென்மையான பவளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தொட்டியில் வேண்டும் என்பவர்கள் பெரிய தொட்டிக்கு பட்ஜெட் போட வேண்டியதுதான்.

மூன்றாம் படி: எந்தப் பொருள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் ஊரில் "இதே மண்ணு போதுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிக் கொடுக்கப்படும் பொருள்கள் ஏழெட்டு உண்டு.

முதலில் எது சரியானது என்று பார்த்துவிடலாம். அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். பவளத்தின் எலும்புக்கூடும் பல சிப்பிகளின் ஓடும் இதனால் ஆனவை. கடலில் கிளி மீன்கள் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று, வெள்ளை மணலாகக் கழித்துப் போடுகின்றன. பவளத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு அவற்றின் கழிவுதான். கரிப்சீ போன்ற நிறுவனங்கள் பையில் அடைத்து விற்பது அரகோனைட் மணல். வாங்கும்போது பெயரைப் பார்க்காமல், பையின் பின்னால் மி.மீ. கணக்கில் போட்டிருக்கும் பரல் அளவைப் பாருங்கள்.

இந்த மணல் தொட்டியின் பி.எச்.சை உயர்த்திப் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நடப்பதில்லை. கடல்நீரின் பி.எச். 8.0 முதல் 8.3 வரை இருக்கும். அந்த நிலையில் நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தேவைக்கு மேல் நிறைந்திருப்பதால் மணல் கரையாது. பவளத்துக்குக் கால்சியம் கொடுக்க வைக்கும் கருவியான கால்சியம் ரியாக்டரில் இதே பொருளைக் கரைப்பதற்காகவே கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி பி.எச்.சை 6.5 பக்கம் இறக்குகிறார்கள். மணலின் அடி ஆழத்தில் அமிலம் சேருமிடத்தில் கொஞ்சம் கரையலாம். பவளம் வளர்வதற்கு அது காணாது. அப்படியானால் அரகோனைட் எதற்கு? அது தண்ணீரில் வேண்டாத எதையும் கலக்காது, மீன் வயிற்றைக் கீறாது, கண்ணாடியையும் கீறாது.

அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அரகோனைட்டின் கடினம் மோ அளவுகோலில் 3.5 முதல் 4. கண்ணாடி 5.5 பக்கம். ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. பாசி துடைக்கும் காந்தத்தின் நடுவில் ஒரே ஒரு குவார்ட்ஸ் மணி சிக்கினால் போதும், கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு விழும். மணல் மட்டத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கிடையாகக் கோடுகள் விழுந்த தொட்டி எதையாவது பார்த்தால், என்ன மணல் என்று கேளுங்கள். அக்ரிலிக் தொட்டி என்றால் அரகோனைட்டுமே கீறிவிடும்.

ஆற்று மணலுக்கு வருவோம். காவிரியோ பவானியோ அமராவதியோ, அது பாறை உடைந்த மணல்தான். குவார்ட்ஸோடு காக்காப்பொன் மினுக்கும், கறுப்பு மணிகளும் கலந்திருக்கும். ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பாக ஒட்டுவது இரும்புத் தாது. நொய்யல் மணலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சாயக்கழிவு பல பத்தாண்டுகள் ஓடிய ஆறு அது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன வரலாறு இருக்கிறது. எம்-சாண்ட், கருங்கல்லை கிரஷரில் உடைத்தது. ஓரமெல்லாம் கத்திமுனை. கான்கிரீட்டுக்கு அந்தக் கூர்தான் பலம், கோபியின் வயிற்றுக்கு அதுதான் எமன்.

வெள்ளைக் குவார்ட்ஸ் மணல், அதாவது நீர் சுத்திகரிப்புத் தொட்டிகளில் போடும் வடிகட்டி மணல், இவற்றில் கொஞ்சம் மேல். சிலிக்கா கரைந்து பழுப்புப் பாசி வரும் என்று பயமுறுத்துவார்கள். குவார்ட்ஸ் அவ்வளவு சுலபத்தில் கரைவதில்லை. நம் பக்கத்துப் பழுப்புப் பாசிக்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். கடினப்பாறைப் பூமியின் போர் தண்ணீரில் சிலிக்கா கரைந்தே வருகிறது. வெறும் ஆர்.ஓ.வைத் தாண்டியும் கொஞ்சம் வந்துவிடும், பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் இருந்தால்தான் நிற்கும். ஆக, குவார்ட்ஸ் மணல் தொட்டியைக் கெடுக்காது. கண்ணாடியைக் கீறும் என்ற ஒரே காரணத்துக்காக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுண்ணாம்புக்கல், மார்பிள் சிப்ஸ். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அது கால்சைட் என்ற வேறு வடிவம், கூடவே வேறு தாதுக்களும் கலந்த பாறை. சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கும் வெள்ளைக்கல் இன்னும் வேறு. அது மேக்னசைட், அதைச் சுற்றியிருக்கும் பாறையில் குரோமியம் வரை இருக்கும். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக எடுத்து வராதீர்கள். வினிகர் சோதனை இங்கே உதவும். கொஞ்சம் மணலில் வினிகர் ஊற்றினால் அரகோனைட்டும் கால்சைட்டும் உடனே நுரைக்கும். குவார்ட்ஸ் கம்மென்று இருக்கும், மேக்னசைட்டும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் நுரைப்பது கார்பனேட் என்பதை மட்டுமே காட்டும், சுத்தமானது என்பதைக் காட்டாது.

நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆசை வரும். கோழித்தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சிப்பி கிரிட். விலை மலிவு, கால்சியம் கார்பனேட், கடல் சரக்கு. பார்வைக்கு கிரஷ்டு கோரல், அதாவது உடைத்த பவளத்துண்டு போலவே இருக்கும். இதில் இரண்டு சிக்கல். சிப்பித் துண்டுகள் தட்டையானவை, ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடுவில் தீனியும் கழிவும் மாட்டி அழுகும். அடுத்தது, தீவனக் கடையில் அதன் பக்கத்திலேயே டி.சி.பி. மூட்டை இருக்கும், அது டைகால்சியம் பாஸ்பேட். அள்ளும் கரண்டி ஒன்றுதான். பவளத்தொட்டியில் பாஸ்பேட் சேர்ந்தால் பச்சைப் பாசியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கடற்கரை மணல்? விடுமுறைக்குப் போகும்போது ஒரு மூட்டை அள்ளி வருவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தமிழகக் கடற்கரை மணலில் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த குவார்ட்ஸ்தான். தென்கோடிக் கரைகளில் இல்மனைட், கார்னெட் போன்ற கனதாதுக்களும் உண்டு. கடல் பக்கம் இருப்பதால் மட்டும் அது பவள மணலாகிவிடாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பவளத்துண்டு பொறுக்குவது சட்டப்படியே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. 'ராமேஸ்வரம் கோரல் சாண்ட்', 'ஒரிஜினல் லைவ் ராக்' என்று லேபிள் இல்லாத பையில் யாராவது நீட்டினால் விலை கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

லைவ் சாண்ட், அதாவது பாக்டீரியா உயிரோடு இருக்கும் மணல் என்று ஈரமாக அடைத்து வருவதற்கு இரட்டை விலை. சென்னையிலிருந்து சித்திரை வெயிலில் பார்சல் லாரியில் வந்து, குடோனில் சில மாதம் கிடந்த பையில் எத்தனை உயிர் மிச்சம் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். உலர்ந்த மணலை வாங்கி, நோய் இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் தொட்டியின் மேல்மணலில் ஒரு டம்ளர் வாங்கித் தூவினால் போதும். பாக்டீரியாவோடு சிறு புழுக்களும் கோப்பிபாடு என்ற நுண்ணிய உயிர்களும் சேர்ந்தே வரும், பையில் அவை வருவதில்லை.

நான்காம் படி: எவ்வளவு ஆழம், எத்தனை கிலோ?

தொட்டியின் நீளம், அகலம், வேண்டிய ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அதை 1.4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ. மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் 3 செ.மீ. போட 90 × 45 × 3, அதாவது 12 லிட்டர் சொச்சம், 17 கிலோ. 9 கிலோ பை இரண்டு. நான்கடிக்கு இரண்டடியில் 4 செ.மீ. போட 40 கிலோ. பாறை உட்காரும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, 2.5 முதல் 4 செ.மீ. வரை சுத்தம் செய்யக்கூடிய படுக்கை. 10 செ.மீ.க்கு மேல் போனால் அது ஆழ்மணல் படுக்கை. மேலே ஒரு செ.மீ. அளவில் பிராணவாயு இருக்கும். அதற்குக் கீழே பிராணவாயு இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியா நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். மென்மணலும், அதைக் கிளறிக்கொண்டே இருக்கும் புழுக்களும் இருந்தால் வேலை செய்கிற முறைதான். ஆனால் மூன்றடித் தொட்டியில் 57 கிலோ மணல், வருடக்கணக்கில் சேரும் கழிவு, தப்பித்தவறிக் கிளறினால் கிளம்பும் அழுகிய முட்டை வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு, இதையெல்லாம் புதியவர்கள் சுமக்க வேண்டியதில்லை. 5க்கும் 10க்கும் இடைப்பட்ட ஆழத்தைத் தவிர்க்கலாம். சுத்தம் செய்யவும் ஆழம் அதிகம், நைட்ரேட்டைக் குறைக்கவும் போதாது. ராஸ் மீனுக்காக 5 செ.மீ. வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் மட்டும் அந்த ஆழம் கொடுங்கள்.

வெறும் தரை

மணலே போடாமல் விடுவதும் முறையான தேர்வுதான். கழிவு ஓரிடத்தில் சேரும், சைஃபன் குழாயில் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். வேவ்மேக்கரை முழு வேகத்தில் ஓட்டலாம். கண்ணாடிக்கு மேல் வெள்ளை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் வெட்டிப் போட்டால் பாறை விழுந்தாலும் உடையாது. முதல் சில மாதம் ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருக்கும், பிறகு ஊதா நிறக் கோரலைன் பாசி படர்ந்து மூடிவிடும். வடிகட்டல் சுமை முழுதும் பாறைமேல் விழுவதால் துளைகள் நிறைந்த பாறையாகத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: கழுவிப் போடுவது

உலர் அரகோனைட்டைப் பக்கெட்டில் கால்பங்கு போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கையால் அடிவரை கிளறுங்கள். பால் மாதிரி வழியும். சிறுவாணித் தண்ணீரோ போர் தண்ணீரோ, கழுவுவதற்குப் பரவாயில்லை. வழிவது ஓரளவு தெளிந்தால் போதும், முழுக்கத் தெளியாது. கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. நீரில். அந்தச் சுண்ணாம்புக் கலங்கலை சிங்க்கில் ஊற்றாதீர்கள், வளைவுக் குழாயில் படிந்து கெட்டியாகும். தென்னை மரத்தடியில் ஊற்றலாம். லைவ் சாண்ட் வாங்கியிருந்தால் கழுவவே கூடாது.

பாறையை முதலில் கண்ணாடித் தரைமேல் நேராக உட்கார வைத்து, அசைத்துப் பார்த்து, பிறகுதான் மணல். மணல்மேல் பாறை வைத்தால் பிஸ்டல் இறால் அடியில் தோண்டி ஒருநாள் மொத்தத்தையும் சாய்த்துவிடும். காலித் தொட்டி என்றால் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டு வைத்து, தட்டின்மேல் உப்புநீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் நிறைந்த தொட்டி என்றால் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயைத் தரைவரை இறக்கி அதன் வழியாகப் போடலாம், கலங்கல் பாதியாகக் குறையும். இரண்டு மூன்று நாள் வெள்ளையாகவே இருக்கும். ஃபில்டர் பஞ்சை அடிக்கடி மாற்றினால் போதும், தெளிய வைக்கும் மருந்தெல்லாம் வேண்டாம்.

ஆறாம் படி: போட்ட பிறகு

முதல் மாதங்களில் மணல் பழுப்பாகும், அப்புறம் தானாக வெளுக்கும். சிவப்பாக வழவழவென்று படலம் பிடித்தால் அது சயனோபாக்டீரியா. அந்த இடத்தில் நீரோட்டம் போதவில்லை, அல்லது தீனி அதிகம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்த தொட்டியில் குமிழ் கோத்த பழுப்பு நூலாகத் தெரிந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். அதற்கு மருந்து சுத்தம் கூட்டுவதல்ல, சத்தைக் கொஞ்சம் ஏற விடுவதுதான். மணல் கட்டிகட்டியாக இறுகினால் அல்கலினிட்டி, கால்சியம் கணக்கைப் பாருங்கள். அல்கலினிட்டியை அதன் அலகான டி.கே.எச். கணக்கில் 8, 9இல் நிறுத்தினால் மேற்கொண்டு இறுகாது.

நீர் மாற்றும் நாளில் மூன்றில் ஒரு பங்கு தரையை மட்டும் சைஃபன் போடுங்கள், அடுத்த முறை அடுத்த பங்கு. பழைய ஆழ்மணலைக் கிளறவே வேண்டாம்.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் அறிவிப்பு வந்தால், மணல் தொட்டிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக உஷாராக வேண்டும். பம்ப் நின்றாலும் மணலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியா பிராணவாயு குடிப்பதை நிறுத்தாது. கரூர், ஈரோடு வெயிலில் சூடேறிய நீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. மணலுக்குள் இருக்க வேண்டிய நசாரியஸ் நத்தைகள் தீனி எதுவும் போடாமலே கும்பலாகக் கண்ணாடியில் ஏறுகிறதென்றால் அடியில் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டுமாவது இணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப்.

யாராவது தொட்டியைக் கலைத்துவிட்டு மணலைச் சும்மா தருகிறேன் என்றால், மேலே உள்ள ஒரு செ.மீ. மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பல வருடம் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்த அடிமணல் உங்கள் தொட்டியில் அதை மெதுவாகத் திருப்பிவிடும். உங்கள் மணலையே மாற்ற வேண்டி வந்தாலும் ஒரே நாளில் அள்ளாதீர்கள். சைஃபன் போடும்போது கால்வாசி எடுத்து, அம்மோனியா சோதித்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த கால்வாசி.